நெவேனாவின் சுற்றுத்தாள்

நெவேனா இறந்த நாற்பதாம் நாள், அவள் வேலை பார்த்த புரதம் மற்றும் உயிராற்றல் ஆய்வுக் கழகத்தின் வாசல் கதவில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. ஒன்று, சோபியா நகரத்தில் சாவு விழுந்த எந்த வீட்டுக் கதவிலும் ஒட்டுகிற அஞ்சலித் தாள். கறுப்புக் கரை, நடுவில் அவள் படம், கீழே "பதினெட்டு ஆண்டுகள் எங்களோடு உழைத்தவர், என்றும் எங்கள் நெஞ்சில்" என்ற வரி. மற்றொன்று அறிவிப்பு. முனைவர் நெவேனா கடந்த நாற்பது நாட்களாகத் தகவல் தராமல் பணிக்கு வரவில்லை என்றும், ஏழு நாளைக்குள் நேரில் வந்து விளக்கம் எழுதித் தரவேண்டும் என்றும் அதில் இருந்தது. இரண்டிலும் ஒரே கையெழுத்து. நிர்வாகச் செயலாளர் வெலிச்கா.

நெவேனாவின் கணவர் ரங்கேல் சர்க்கரை தூவிய அவித்த கோதுமையை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நாற்பதாம் நாள் அவள் கூட வேலை செய்தவர்களுக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி கொடுப்பதுதான் முறை. முப்பத்தோரு வருஷமாக டிராம் ஓட்டுகிறவர் அவர். எந்தப் பலகையையும் இரண்டு தடவை படித்துப் பழக்கம். இதையும் இரண்டு தடவை படித்தார். அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.

வெலிச்கா இரண்டு கரண்டி கோதுமை வாங்கிச் சாப்பிட்டார். "ஆண்டவர் அவங்கள மன்னிக்கட்டும்" என்றார். உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, விளக்கக் கடிதம் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார்.

ரங்கேல் இறப்புச் சான்றிதழை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது நகராட்சிக்கு அவங்க செத்துட்டாங்கன்னு சொல்லுது, ரங்கேல் ஐயா. எங்களுக்கு அவங்க வேலைய விட்டுட்டாங்கன்னு சொல்லலையே."

"கதவுல நீங்களே அஞ்சலி ஒட்டியிருக்கீங்களேம்மா."

"அஞ்சலி மனசு சம்பந்தப்பட்டது. நானே அழுதுகிட்டேதான் டைப் பண்ணினேன். வருகை கோப்பு சம்பந்தப்பட்டது. கோப்புல அழறதுக்கு இடமில்ல."

அவர் ஒரு நீளமான தாளை நீட்டினார். அதுதான் சுற்றுத்தாள். கழகத்தை விட்டுப் போகிற எவரும் அதை எடுத்துக்கொண்டு பதினாறு அறைகளுக்கும் போய், "இவரிடம் எங்களுடையது எதுவும் இல்லை" என்று கையெழுத்து வாங்கவேண்டும். பதினாறும் சேர்ந்தால்தான் ஒருவர் போய்விட்டதாக அர்த்தம். தொண்ணூற்று நாலில் கனடாவுக்குப் போன ஒருவர் அந்தத் தாளை வாங்காமலே போய்விட்டதால், கழகத்தின் பதிவேட்டில் இன்றைக்கும் மதியச் சாப்பாட்டுக்குப் போனவராகவே இருக்கிறார்.

ரங்கேலுக்குச் சுற்றுத்தாளில் ஆர்வம் இல்லை. அவர் கேட்டு வந்தது வேறு. ஏழாம் எண் உறைபெட்டியில் இருக்கும் எட்டுக் குப்பிகள். கட்டை விரல் நகமளவு குப்பிகள். அவற்றை இத்தாலியில் ட்ரியெஸ்டே நகரத்தில் இருக்கும் விஞ்ஞானித் தோழி ஓர்னெல்லாவிடம் சேர்க்கவேண்டும். மருத்துவமனையில் கடைசி வாரம் நெவேனா கேட்டது அது ஒன்றைத்தான்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. தாள்ல பதினாறாவது வரியே உறைபெட்டிதான்" என்றார் வெலிச்கா.

*

அந்தக் குப்பிகளில் என்ன இருக்கிறது என்று ரங்கேலுக்குத் தெரியும். அவரால் தவறில்லாமல் சொல்லவும் முடியும். கல்யாணத்துக்கு முன்னால், மடியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு அவருடைய டிராமில் வந்த நாட்களிலேயே நெவேனா அவருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஒரு டிராம் டிப்போ இருக்கிறது என்பாள். சாப்பிடுகிற ரொட்டி எல்லாம் கடைசியில் அங்கே சின்னச் சின்ன டிக்கெட்டாகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் டிக்கெட் கிழிக்கவேண்டும். டிக்கெட் தீர்ந்தால் வண்டி நிற்கும். அந்த டிக்கெட்டை அச்சடிக்கிற யந்திரம்தான் நொதி என்கிற புரதம். உடம்பு குளிர்ந்தால் நம்முடைய யந்திரம் விறைத்துப்போகும்.

ஆனால் லாலுகெர் என்கிற தரை அணில் மாத்திரம் குளிர்காலம் முழுக்க வளைக்குள் ஐஸ் மாதிரிக் கிடந்தும் சாவதில்லை. அதன் இதயம் நிமிஷத்துக்கு நாலைந்து தடவை துடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் குளிரிலும் விறைக்காத ஒரு நொதி அதன் இதயத்தில் இருப்பதை நெவேனா கண்டுபிடித்தாள். நெடுஞ்சாலைக்காக ஒரு மேய்ச்சல் நிலத்தைத் தோண்டியபோது வளைகளுக்குள்ளேயே செத்துக் கிடந்த பதினேழு அணில்களை எடுக்க அவளுக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஒரு தடவைதான். பதினேழு இதயங்கள், பதினொரு வருஷம், கடைசியில் எட்டுக் குப்பி.

அந்தப் புரதம் எப்படி மடிந்து நிற்கிறது, அதன் உருவம் என்ன என்று பார்க்கிற கருவி ஓர்னெல்லாவிடம் இருந்தது. உருவம் தெரிந்தால், இன்னொருவருக்குப் பொருத்துவதற்காக எடுத்த மனித இதயத்தை ஐஸ் பெட்டியில் இன்னும் சில மணி நேரம் கூடுதலாக உயிரோடு வைக்க வழி பிறக்கலாம். ஒருவேளை பிறக்காமலும் போகலாம். "அது தெரிஞ்சாப் போதும் ரங்கேல். எனக்கு அத மட்டும் தெரிஞ்சுக்கணும்" என்றாள் நெவேனா. தெரிந்துகொள்ள அவளுக்கு நாள் போதவில்லை. அவளுடைய இதயத்துக்கு எதுவும் ஆகவில்லை. கல்லீரல்தான் போனது.

*

பதினைந்து கையெழுத்து வாங்க ரங்கேலுக்கு மூன்று வாரம் ஆயிற்று. காலை வண்டியை முடித்துவிட்டு மதியம் வருவார்.

கண்ணாடிக் கலங்கள் அறையில், நெவேனா உடைத்ததாக எழுதியிருந்த ஒரு குடுவையின் துண்டுகளைக் கேட்டார்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அறையில் கதிர்வீச்சை அளக்க அவள் சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லையை வாங்கி யந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். கடந்த இரண்டு மாதமாகச் சுத்தமாகப் பூஜ்யம். "ரொம்ப நல்லது. பதினெட்டு வருஷத்துல அவங்க இவ்வளவு பாதுகாப்பா இருந்ததே இல்ல" என்று அந்த அதிகாரி மெச்சிக் கையெழுத்துப் போட்டார்.

உடுப்பு அறையில் வெள்ளைக் கோட்டைத் திருப்பிக் கேட்டார்கள். அது வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அவள் மருத்துவமனைக்குப் போன அன்று மாட்டிவிட்டுப் போனது. ரங்கேல் அதை எடுக்கவே இல்லை. தேநீர் போடும்போது கதவு அசைந்தால் அதுவும் கொஞ்சம் அசையும். புதிய கோட்டு வாங்கித் தருகிறேன், இரண்டாகவே தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். எண் பொருந்தவேண்டும் என்றார்கள். மறுநாள் மடித்து எடுத்துப் போனார். பையில் பாதி கடித்த பிஸ்கோத்து ஒன்று காகிதத்தில் சுற்றி இருந்தது. அது பட்டியலில் இல்லையென்று அவரிடமே கொடுத்துவிட்டார்கள். கோட்டை வாங்கிய பெண் அதை மோந்துபார்த்து, துவைக்காமல் கொண்டுவந்ததைத் தாளில் குறித்துக்கொண்டாள்.

*

பதினாறாவது வரிக்கு ஒரு பின்னிணைப்பு இருந்தது. கழகத்தை விட்டு வெளியே போகும் எந்த உயிர்ப்பொருளும் உயிர்ப்போடு இருக்கிறது என்று மூன்று துறைகள் தனித்தனியாகச் சோதித்துச் சான்று தரவேண்டும். புரதத் துறை, ஆற்றல் துறை, இடைவினைத் துறை. ஒரு துறையின் முடிவை இன்னொரு துறை ஏற்காது. முப்பது நாளைக்குள் சான்று வராவிட்டால் குப்பிகள் எரிக்கும் உலைக்குப் போகும்.

ஆய்வகப் பணியாளர் ஸ்னேஷாதான் இதில் இருக்கும் சிக்கலை அவருக்கு விளக்கினாள். நெவேனாவோடு ஒன்பது வருஷம் இருந்தவள். அக்கா அக்கா என்று காலைச் சுற்றியவள்.

"சோதிக்கணும்னா உருக்கணும் அண்ணே. உருக்கித் திரும்ப உறைய வச்சா ஒவ்வொரு தடவையும் பாதி செத்துரும். மைனஸ் எண்பதுல அப்படியே கெடந்தா இருபது வருஷம் இருக்கும். அக்கா கடைசியா அளந்தப்ப அதோட உயிர்ப்பு நூறு. ஓர்னெல்லா மேடத்துக்குக் குறைஞ்சது அம்பது வேணும்."

"ஒரு குப்பிய மட்டும் உருக்கிப் பார்த்தா போதாதா?"

"எட்டுக் குப்பிக்கும் எட்டு எண் போட்டிருக்கே. எட்டும் தனித்தனி ஆளாம்."

முதலில் புரதத் துறை. காலை பத்து மணிக்கு எட்டுக் குப்பிகளையும் வெளியே எடுத்து ஐஸில் வைத்தார்கள். அன்றைக்குப் பார்த்துத் திராட்சைக் கொடி வெட்டும் திருநாள். துறைத் தலைவர் தன் சொந்த ஊர் ஒயினைக் கொண்டுவந்திருந்தார். முதல் கோப்பை கொடிகளின் காவலர் புனித த்ரிஃபோனுக்கு, இரண்டாவது கழகத்துக்கு, மூன்றாவது, எழுந்து நின்று, மறைந்த நெவேனாவுக்கு. அதற்குள் மணி இரண்டு. ஸ்னேஷா மூன்று தடவை ஐஸ் மாற்றினாள். நாலாவது தடவை போனபோது ஐஸ் அறைக் காவலாளியும் கொடி வெட்டப் போயிருந்தார். பிறகு தலைவர் வந்து, ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, புரதம் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அன்று மாலை ஸ்னேஷா தனியாக அளந்து பார்த்தாள். ஐம்பத்து நாலு.

ரங்கேலை மாடிப்படிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். "இன்னும் நேரம் இருக்கு அண்ணே. இந்த எட்டையும் நான் வேற பெட்டிக்கு மாத்திடறேன். முட்டை வெள்ளைக்கருவக் கரைச்சு எட்டுக் குப்பில ஊத்தி வச்சிடறேன். ஆற்றல் துறை அதப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கட்டும்."

"கண்டுபிடிக்க மாட்டாங்களா?"

"போன வருஷம் தப்பா என் காப்பியக் கொண்டுபோய், செயல்திறன் திருப்திகரம்னு எழுதிக் குடுத்தவங்க அவங்க."

ரங்கேல் சிரிக்கவில்லை. அவர் யோசித்தது வேறு. முட்டை வெள்ளைக்கருவுக்கு ஒரு எண் வரும். அந்த எண் நெவேனா பெயரில், அவளுடைய குறிப்பேட்டின் கடைசி வரியாக ஏறும். ஒரு தடவை அவளுடைய தராசு மயிரிழை அளவு சாய்ந்திருந்தது தெரிந்து, பதினாலு மாத எண்களை அவள் அப்படியே கோடு போட்டு அடித்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரிந்திருக்கவும் செய்யாது. வீட்டுக்கு வந்து, சமையலறையில் உட்கார்ந்து, அவர் தோளில் முகத்தை வைத்து ஒரு மணி நேரம் அழுதாள். பிறகு எழுந்து மாவு பிசைய ஆரம்பித்தாள். அப்படிப்பட்டவள் பெயரில் ஒரு பொய்யை எழுதவிடுவதா?

"வேண்டாம்மா. அவ ஒத்துக்க மாட்டா" என்றார்.

"உண்மைய அதுக்கான எடத்துல வைக்கணும் அண்ணே. இந்தக் கட்டடத்துல வச்சா ஊசிப்போயிடும்."

"நான் இயக்குநரப் பார்த்துப் பேசறேன். நியாயத்தச் சொன்னா கேக்காமயா இருப்பாங்க?"

அந்தக் கேள்விக்கு அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

*

இயக்குநர் பேராசிரியர் போகொமில் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். ரங்கேலை உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, சர்க்கரையைத் தானே போட்டுக் கலக்கிக் கொடுத்தார். ஒரு குப்பியை மட்டும் சோதித்து எட்டுக்கும் சான்று தரமுடியுமா என்று ரங்கேல் கேட்டதைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப மத்த ஏழையும் நம்பணும்கறீங்க. நம்பிக்கை தேவாலயத்துக்கு, ரங்கேல் ஐயா. நாங்க விஞ்ஞானிகள். ஒரு பொருள் உயிரோட இருக்குன்னு மூணு துறை சொன்னாத்தான் அது உயிரோட இருக்கு. அதுவரைக்கும் அது சும்மா உயிரோட இருக்கு, அவ்வளவுதான்."

"மூணு துறையும் சொல்லி முடிக்கறதுக்குள்ள செத்துப்போயிடுமே ஐயா."

"போகலாம். ஆனா ஆவணத்தோட போகும். இந்தக் கழகத்துல ஆவணமே இல்லாம எத்தனை புரதம் செத்திருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. என் காலத்துல அப்படி ஒண்ணு நடக்காதுன்னு பதவி ஏத்துக்கிட்ட அன்னிக்கே நான் வாக்கு குடுத்தேன்." அவர் நெஞ்சில் கை வைத்தார். "நெவேனா என் மாணவி. அவளுக்காக விதிய மீறினா, நாளைக்கு எனக்காகவும் எவனாவது மீறுவான்."

வாசல்வரை வந்து, ரங்கேலின் தோளைத் தட்டி வழியனுப்பினார்.

ஆற்றல் துறை நாலாவது மாடியில் இருந்தது. மின்தூக்கி வேலை செய்யவில்லை. படியேறி வந்த களைப்பில் அங்கே பதினொரு மணிக்கு முன்னால் யாரும் எழுந்து நிற்பதில்லை, இரண்டு மணிக்குப் பிறகும் நிற்பதில்லை. உருகிய குப்பிகள் அந்த இடைவெளிக்காகக் காத்திருந்தன. நொதி டிக்கெட் அடிக்கிறதா என்று பார்க்கிற சோதனை ஏழு நிமிஷத்தில் முடிகிற ஒன்று. ஆனால் முடிவை எழுதும் புத்தகம் கீழ்த்தளத்தில் இருந்ததால் யார் இறங்குவது என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் ரங்கேலே இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்னேஷா அளந்தாள். இருபத்தொன்று.

மூலக்கூறுகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன, எதைத் தொடுகின்றன, எதை விலக்குகின்றன என்று ஆராய்வது இடைவினைத் துறையின் பணி. அங்கே இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். ஒரு ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்ற விவகாரத்துக்குப் பிறகு இருபது வருஷமாக அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஒருவர் சீட்டு எழுதுவார், ஸ்னேஷா எடுத்துக்கொண்டு போய் மற்றவரிடம் கொடுப்பாள். "மாதிரியை நான் முதலில் பார்க்கவேண்டும்." "நான்தான் மூத்தவன்." "எதில்?" இப்படி ஒன்பது சீட்டுகள் போய் வந்தன. நடுவில் ஜன்னலோரம் வெயில் பட்ட தட்டில் எட்டுக் குப்பிகளும் இருந்தன. ரங்கேல் எழுந்துபோய்த் தன் தொப்பியை எடுத்து அவற்றுக்கு நிழலாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்நியர் மாதிரியைத் தொடக்கூடாது என்று ஒரு பேராசிரியர் சீட்டு எழுதினார். தொடவில்லை, நிழல்தான் தொடுகிறது என்று ஸ்னேஷா வாயால் பதில் சொன்னாள். அந்தத் துறையில் அன்று வாயால் சொல்லப்பட்ட ஒரே வாக்கியம் அதுதான்.

அன்று மாலை அளந்தபோது எட்டு.

சான்றிதழில் எண்ணுக்கு இடமில்லை. "உயிர்ப்பு: உண்டு, இல்லை" என்று இரண்டு கட்டங்கள்தான். எட்டு என்பது பூஜ்யம் இல்லையே. மூன்று துறைகளும் "உண்டு" என்று குறித்துக் கையெழுத்திட்டிருந்தன.

*

ரங்கேல் தாழ்வாரத்தில் நின்றபடியே ட்ரியெஸ்டேக்குப் பேசினார். ஓர்னெல்லா இளவயதில் இரண்டு வருஷம் சோபியாவில் நெவேனாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள். ஊர்ப் பேச்சு அவளுக்கு நன்றாக வரும். அவர் மூன்று எண்களையும் வரிசையாகச் சொன்னார்.

"அனுப்பாத ரங்கேல்" என்றாள் ஓர்னெல்லா. "அனுப்பினா நான் மேஜைல வச்சுப் பார்த்து அழுவேன், அவ்வளவுதான் செய்ய முடியும். அவிஞ்ச முட்டையத் திரும்பப் பச்சை முட்டை ஆக்க முடியாது."

"ஒரு பாதியாவது… ஏதாவது தெரியாதா?"

"அதோட உருவமே கலைஞ்சிருச்சு. இனிமே பார்த்தாலும் அது நெவேனா பார்த்தது இல்ல." பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஐம்பத்து நாலு இருந்தப்ப ஏன் யாரும் எடுத்து வைக்கல?"

வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி ரங்கேல் போனை வைத்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு வண்டி கிடையாது.

குப்பிகளை வழங்கும் விழா மறுநாள் காலை பெரிய கூடத்தில் நடந்தது. மேஜைமேல் உலர்பனி புகையும் வெள்ளைப் பெட்டி. பக்கத்தில் சட்டம் போட்ட சான்றிதழ். இயக்குநர் பேசினார்.

"ஒரு கழகத்தின் பெருமை அது எதைக் கண்டுபிடிக்கிறது என்பதில் இல்லை. கண்டுபிடித்ததை எத்தனை பேர் சரிபார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இந்தப் புரதத்தைத் தொடாத துறை இன்று இந்தக் கட்டடத்தில் இல்லை. நம் வரலாற்றில் எந்தப் புரதமும் இவ்வளவு அக்கறையோடு கவனிக்கப்பட்டதில்லை. உயிரோடு இருந்திருந்தால் நெவேனா எவ்வளவு மகிழ்ந்திருப்பாள்!"

எல்லோரும் கை தட்டினார்கள். இடைவினைத் துறைப் பேராசிரியர்கள் கூடத்தின் இரு மூலைகளிலிருந்து தட்டினார்கள். ஸ்னேஷா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். புகைப்படக்காரர் ரங்கேலிடம் பெட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். உயர்த்திப் பிடித்தார்.

பிறகு வெலிச்காவின் அறை. கடைசிப் படிவம் ஒன்று பாக்கி இருந்தது. பொருளைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை. பெயர், முகவரி, தேதி எல்லாம் எழுதினார். கடைசி வரியில் "பெறுபவருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு" என்று இருந்தது. ரங்கேல் "கணவர்" என்று எழுதினார்.

வெலிச்கா அதைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்து வைத்தார். "அப்படி ஒரு கட்டம் இல்லையே ஐயா. கீழ மூணு இருக்கு பாருங்க. அதுல ஒண்ணுக்குத்தான் குறி போடணும்."

ஆய்வு செய்பவர். பாதுகாப்பவர். அழிப்பவர்.

ரங்கேல் வழக்கம்போல இரண்டு தடவை படித்தார். ஆய்வு செய்பவள் போய்விட்டாள். பாதுகாப்பவர் என்று போட மைனஸ் எண்பதில் ஓர் உறைபெட்டி வேண்டும், அதன் எண்ணையும் எழுதவேண்டும். அவர் வீட்டில் இருப்பது நெவேனா போன ஆவணியில் சுட்டுத் தோலுரித்து அடுக்கிவைத்த மிளகாய்கள் இருக்கிற சின்னப் பெட்டி. அவருக்கு மாடிப்படிக்குக் கீழே ஸ்னேஷா கேட்டதும், தான் சொன்னதும் காதில் விழுந்தன. வேண்டாம்மா, அவ ஒத்துக்க மாட்டா. அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்பதுகூட இப்போது அவருக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை. சாகிறதுக்கு முந்தின வாரம், அந்த ஒன்றுக்காக, ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பாளோ? கேட்டிருக்கலாம். அதைக் கேட்கிற இடத்தில் அவள் இல்லை.

அவர் மூன்றாவது கட்டத்தில் அழுத்தமாகக் குறி போட்டு, கீழே கையெழுத்துப் போட்டு, தாளை வெலிச்கா பக்கம் திருப்பிவைத்தார்.

வெலிச்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சரிபார்த்தார். முத்திரை குத்தினார். நெவேனா இன்றைய தேதியிலிருந்து முறைப்படி விடுவிக்கப்பட்டுவிட்டார் என்று சொன்னார்.

"பாருங்க, ஒரு அடித்தல் இல்ல, திருத்தல் இல்ல" என்றார். "இருபத்தாறு வருஷத்துல இந்தப் படிவத்த யாரும் இவ்வளவு சரியா பூர்த்தி பண்ணினதே இல்ல, ரங்கேல் ஐயா."

அதை அவர் மனதார, பாராட்டாகத்தான் சொன்னார்.